ஆமானின் பிரவேசப் பாட்டு

மஜீதுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அந்தத் தை மாதம் முழுக்க அவன் காது சிவந்தபடியேதான் இருந்தது.

ராயபுரத்தில் படகுக்காரர்களுக்குக் கயிறும் வலைநூலும் விற்கிற கடை அவனுடையது. கடை வயிற்றுக்கு. உயிரை அவன் பொன்னுரங்க வாத்தியாரின் நாடக சபாவில் வைத்திருந்தான். ஐந்து கட்டைச் சுருதியில் மூச்சு வாங்காமல் பாடுவான். மைக் வைக்க வக்கில்லாத சபாவில் அப்படி ஒரு தொண்டை கிடைத்தால் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். வாத்தியாரோ வருஷக்கணக்காக அவனுக்குக் கள்ளபார்ட்டைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். நாடகத்துக்கு நாடகம் வில்லன். ராஜபார்ட் அவருடைய மைத்துனன் மனோகரனுக்கு. ஆர்மோனியம் ஒரு தெருவில் போனால் மனோகரன் பக்கத்துத் தெருவில் போவான். ஆனால் ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான், கிரீடம் நன்றாக உட்காரும். அதற்கு மேல் வாத்தியாரிடம் வாதாட முடியாது, வீட்டில் சோறு போடுவது மனோகரனின் அக்கா.

இப்படிப் பொருமிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வாசல் திறந்தது. தெற்கே பெயர்பெற்ற ஒரு நாடகக் கம்பெனியில் பாடிக்கொண்டிருந்த கள்ளபார்ட்டுக்குத் தொண்டை போய்விட்டதாம். அந்தக் கம்பெனி மேனேஜர் வேதாசலம் ஆள் தேடிப் பட்டணம் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்கு நம் கொட்டகைக்கும் வருகிறார் என்று வாத்தியாரே சொன்னார். மஜீது அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான். "இந்த ஒரு ஆட்டம். இதுல என் பாட்டு அந்தாளு காதுல வுழுந்துட்டா போதும், கயிறு நாத்தம் வுட்டுச்சு" என்று மனைவி அஜீசுன்னிசாவிடம் சொன்னான். அவள் இரண்டு ரக்காத் அதிகமாகத் தொழுதாள்.

நாடகம் எஸ்தர் ராணி கதை. பாரசீக ராஜா, அவனுக்கு எஸ்தர் என்று ஒரு யூதப் பெண் ராணி, மந்திரி ஆமான். ஒரே ஒரு யூதன் தனக்குத் தலை வணங்கவில்லை என்பதற்காக அந்த ஜனத்தையே பூண்டோடு அழிக்கப் பார்க்கிறான் ஆமான். ராணி குறுக்கே வந்து காப்பாற்றுகிறாள். ஆமான் தூக்கில் தொங்குகிறான். ஜனங்கள் அந்த நாளைப் பண்டிகையாக்கி ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ள, மங்களம் பாடிப் படுதா விழும். மஜீதுதான் ஆமான். சொல்லி மாளாத அழகில் ஒரு பிரவேசப் பாட்டு அமைந்திருந்தது. "ஆமான் வந்தேனே, அகிலம் நடுங்கவே" என்று பல்லவி. சரணத்தில் மேல் சஞ்சாரம். பாடிக்காட்டினால் எந்த மேனேஜரும் விழுந்துவிடுவான்.

பிறகு நடந்ததற்கெல்லாம் மஜீது தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஏலியா சாரைச் சபாவுக்குக் கூட்டிவந்தவன் அவனேதான்.

ஏலியா கொச்சி யூதர். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீசில் உத்தியோகம். கப்பலுக்குக் கயிறு வாங்கக் கடைக்கு வந்து பழக்கம். கல்யாணமாகாதவர், பாட்டென்றால் நின்று கேட்பார். கடைசிக் காட்சியில் யூதர்கள் வாழ்த்திக்கொள்வதாக வருகிறதே, அதை அவர்கள் பாஷையிலேயே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. "நமக்கு ஒரு தோஸ்து கீறாரு வாத்தியாரே, நாளைக்கே இட்டாறேன்" என்று மஜீது வாயைக் கொடுத்தான்.

ஏலியா வந்தார், பெஞ்சில் கால்மேல் கால் போடாமல் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்தார். "எங்க வருஷப் பிறப்புக்கு 'ஷானா தோவா'ன்னு சொல்லுவோம். நல்ல வருஷம்னு அர்த்தம். வாரா வாரம் ஓய்வு நாளுக்கு 'ஷபாத் ஷாலோம்'. பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு ஒரு நாள் முழுக்க உபவாசம் இருப்போம். அதுக்கு முன்னாடி 'ஹத்திமா தோவா'ன்னு சொல்றது. உன் பேருக்கு நல்ல முத்திரை விழட்டும்னு."

பொன்னுரங்க வாத்தியார் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். "எல்லாம் ஆதி தாளத்துல அளவா வுழுது சார்! மூணையும் சேத்து ஒரே பாட்டாப் போட்டுடறேன்."

ஏலியா பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம். ஒவ்வொண்ணும் அதுக்குன்னு உள்ள நாள்லதான். விருந்துச் சாப்பாட்டுல உட்கார்ந்து உபவாச வாழ்த்துச் சொல்லலாமா?"

"அதானே, பக்ரீத்துக்கு வந்து பொங்கல் வாழ்த்து சொன்னா நானே தொரத்துவேன்" என்றான் மஜீது. அப்போது அவனுக்கு ஏலியாவை ரொம்பப் பிடித்திருந்தது.

"எஸ்தர் பண்டிகைக்குப் பூரிம்னு பேரு. 'பூரிம் ஸமேயாஹ்' சொல்லுங்க, சந்தோஷமான பூரிம்னு. அப்புறம் எங்க பக்கத்துல எந்தப் பண்டிகைக்கும் ஒருத்தர் 'திஸ்கு லெஷானீம் ரபோத்'ன்னு சொல்லுவார். பல வருஷம் காணுற பாக்கியம் கிடைக்கட்டும்னு. எதிர்ல இருக்கிறவர் சும்மா இருக்கக் கூடாது. 'நெயிமோத் வெதோவோத்'னு திருப்பிச் சொல்லணும். இனிமையான, நல்ல வருஷங்களா இருக்கட்டும்னு." சொல்லிவிட்டு ஏலியா கொஞ்சம் சிரித்தார். "நான் இங்க வந்ததுல இருந்து பண்டிகைக்குப் பண்டிகை முதல் பாதியைச் சொல்லிக்கிறேன். மறுபாதி சொல்ல ஆள் இல்லை."

மஜீதுக்கு மனசு இளகிவிட்டது. "இந்த வாட்டி கொட்டாயே சொல்லும் சார்" என்றான்.

அத்தோடு அவர் எழுந்து போயிருக்கலாம். டீ வந்தது. டீ குடித்துக்கொண்டே, எஸ்தர் கதையை ஜெப ஆலயத்தில் உரக்கப் படிக்கும்போது ஆமான் என்ற பேர் வந்தால் சிறிசு பெரிசு எல்லாரும் காலைத் தரையில் ஓங்கி மிதித்துச் சத்தம் போடுவார்கள், அந்தப் பேரே காதில் விழக் கூடாது, அது ஒரு குதூகலம் என்று ஏலியா சொல்லிவைத்தார்.

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே மஜீதின் காது சிவக்க ஆரம்பித்தது.

"நம்ம கொட்டாய் தரை இன்னா?" என்று வாத்தியார் பபூன் தாமோதரனைக் கேட்டார்.

"பலகை."

"கூரை?"

"தகரம். சும்மா எகிறும் வாத்தியாரே!" பபூனுக்குப் புரிந்துவிட்டது. கள்ளுக்கடை வாசலில் இனாம் என்று கேட்டவன்போல் முகம் மலர்ந்தது.

"வாத்தியாரே, என் பாட்டு இன்னா ஆவறது?" மஜீது எழுந்தே விட்டான். "பல்லவிக்குப் பல்லவி ஆமான் ஆமான்னு வருது. ஒவ்வொரு வாட்டியும் மிதிச்சினு கீறானுங்கன்னா நான் பாடறது எவன் காதுல வுழும்?"

"பேர் வர்ற எடத்துல மட்டும்தானே நைனா."

"பல்லவில வேற இன்னா கீது?"

இரண்டு நாள் பொறுத்து மஜீது தனியாகப் போய் வாத்தியாரிடம் கெஞ்சினான். பல்லவியில் பேரை எடுத்துவிட்டு, 'மந்திரி வந்தேனே' என்று மாற்றித் தரச் சொன்னான். வாத்தியாருக்கு வந்ததே கோபம். நாடகப் பாட்டின் அரிச்சுவடியே தெரியாமல் இத்தனை வருஷம் என்ன கிழித்தாய் என்று பிடித்துக்கொண்டார்.

"மொதப் பாடம் இன்னா? உள்ள நொழையிறவன் தன் பேரைச் சொல்லிப் பாடிகினு நொழையணும். ராஜாவுக்குக் கிரீடம் கீது, ராணிக்கு சேலை கீது, பபூனுக்குக் குல்லா கீது. உனக்கு இன்னா கீது? மீசை. மீசையைப் பார்த்துட்டு இவன்தான் ஆமான்னு கடைசி பெஞ்சுல கீற கப்பல் கூலி கண்டுபிடிப்பானா? பேச முடியாத எடத்துக்குத்தான் பாட்டு, பேர் சொல்லத்தான் மொதப் பாட்டு. போ, போ."

அடுத்து ஏலியாவின் ஆபீஸ் வாசலில் போய் நின்றான். அப்படி ஒரு வழக்கமே இல்லை, வேடிக்கைக்குச் சொன்னேன் என்று வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டான். ஏலியாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"பொய் எப்படிச் சொல்றது மஜீது பாய்? ஆனா நீங்க பயப்படவே வேண்டாம். எங்க ஆலயத்துல படிக்கிறவர் அந்தப் பேர்ல நிறுத்திடுவார். சத்தம் அடங்குற வரைக்கும் காத்திருப்பார். அப்புறம் அடுத்த வரி. ஒரு எழுத்து விட்டுப்போகாது."

"அவரு படிக்கிறாரு சார், நின்னா நிக்கலாம். நான் பாடறேனே! தாளம் எனக்கோசரம் நிக்குமா?"

ஏலியா இதை யோசித்திருக்கவில்லை. அவர் முகம் விழுந்ததைப் பார்க்க மஜீதுக்குப் பாவமாகவும் இருந்தது, அதற்குமேல் எரிச்சலாகவும் இருந்தது. நல்லவர்கள் செய்கிற கெடுதலுக்குச் சண்டைகூடப் போட முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகை நிரம்பி வழிந்தது. துறைமுகத்து ஆட்கள், குப்பத்து ஜனம், வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்கள், பெண்கள் பக்கத்தில் அஜீசுன்னிசா. முன் வரிசையில் வேதாசலம், அங்கவஸ்திரத்தை மடியில் மடித்துப் போட்டுக்கொண்டு. அதே வரிசையின் ஓரத்தில் சலவைச் சட்டையோடு ஏலியா. படுதா தூக்குமுன் பபூன் தாமோதரன் வெளியே வந்து குட்டிக்கரணம் போட்டான். "அண்ணமாரே, அக்காமாரே! இன்னிக்கு உங்களுக்கும் வேஷம் கீது. ஆமான்னு பேர் கேட்டா காலால ஒரே மிதி! எங்க, ஒத்திகை பார்க்கலாம், ஆமான்!" கொட்டகை இடிந்தது. தகரம் அதிர்ந்து துருப்பொடி கொட்டியது. சைடில் நின்றிருந்த மஜீது தன் ஒட்டுமீசையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கடைக்குப் போய்விடலாமா என்று நினைத்தான்.

போகவில்லை. ஆர்மோனியம் அவன் சுருதியைக் கொடுத்தது. மேடைக்குள் வந்து, கையை ஓங்கி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, "ஆமான்..." என்றான்.

அவ்வளவுதான். 'வந்தேனே' எங்கே போயிற்று என்று அல்லாவுக்குத்தான் தெரியும். மிதி அடங்கும் முன்பே தாளம் அவனை இழுத்துக்கொண்டு திரும்பவும் பல்லவிக்கு வந்துவிட்டது, திரும்பவும் பேர், திரும்பவும் மிதி. அனுபல்லவியில் பேரே இல்லை. ஆனாலும் பழைய மிதி அடங்கவில்லை. சரணத்தில் மேலே ஏறினான். இத்தனை மாதம் உப்புக் காற்றில் நின்று சாதகம் செய்த அந்தச் சஞ்சாரம் அப்படி வந்தது, அவனுக்கே தெரிந்தது. மிருதங்கக்காரர் அவன் வாயைப் பார்த்துக் குத்துமதிப்பாக வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் பார்வை போனது. அஜீசுன்னிசா முக்காடு நழுவியது தெரியாமல் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவன் ஒரு தந்திரம் செய்தான். பல்லவிக்குத் திரும்பும்போது பேரை விழுங்கிவிட்டு, "தானான வந்தேனே" என்று பாடினான். ஜனம் ஏமாந்து ஒரு கணம் விழித்தது. பிறகு கொட்டகை மொத்தமும் அவனுக்குப் பேர் மறந்துவிட்டதென்று நினைத்து, "ஆமான்!" என்று தானே எடுத்துக்கொடுத்து மிதித்தது.

பாட்டு முடிந்தது என்று கையை இறக்கினான். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஒன்ஸ் மோர்!" என்றான். ஊரே பிடித்துக்கொண்டது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்! இந்தச் சொல்லுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறான் மஜீது! மனோகரன் கத்தியைச் சுழற்றினால்கூட ஒன்ஸ் மோர் கேட்ட ஜனம், இவனுக்கு ஒருநாள் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கிறது, பாட்டைக் கேட்க அல்ல, இன்னொரு தரம் மிதிக்க. ஒன்ஸ் மோர் கேட்டால் பாடியே ஆக வேண்டும், மேடைச் சட்டம் அது. பாடினான். மறுபடி கேட்டார்கள். மறுபடி பாடினான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆமான் எவ்வளவு ஆத்திரமாக முறைக்கிறான் பார் என்று ஜனம் கை தட்டியது.

தூக்கில் தொங்கியபோதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மங்களத்துக்குச் செத்தவர்களும் எழுந்து வந்து நிற்க வேண்டும், நின்றான், கடைசி வரிசையில். மனோகரன் தலையில் கிரீடத்தோடு "திஸ்கு லெஷானீம் ரபோத்" என்று பக்கத்துத் தெருச் சுருதியில் இழுத்தான். தாமோதரன் ஜனங்களுக்கு மறுபாதியையும் சொல்லிக்கொடுத்திருந்தான் போலிருக்கிறது. கப்பல் கூலிகளும் மீன்காரிகளும் கயிறு கடன் வாங்கிய படகுக்காரர்களும் எழுந்து நின்று, "நெயிமோத் வெதோவோத்" என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னார்கள். முன் வரிசை ஓரத்தில் ஏலியா கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மஜீதுக்கு வயிறு எரிந்தது. இந்த மனுஷனுக்கு இரண்டே வார்த்தை, கொட்டகை முழுக்கப் பதில். எனக்கு ஒரு பாட்டு, ஒரு காது இல்லை.

வேஷம் கலைக்கும் அறைக்கு வேதாசலம் தானே வந்தார். "அடேயப்பா! எத்தனையோ கள்ளபார்ட்டைப் பார்த்திருக்கேன். ஜனம் இப்படிக் கொதிச்சு நான் கண்டதில்லைய்யா. நம்ம கம்பெனிக்கு வந்துடு."

மஜீதின் கை மீசையிலேயே நின்றது. "என் பாட்டு எப்படிங்க இருந்திச்சு?"

"பாட்டா? எங்கய்யா கேட்டது?" என்று சிரித்தார் அவர். "பாட்டு உனக்கு வேண்டவே வேண்டாம். அதுக்கு வேற பையனைப் பார்த்துக்கறேன். நீ வந்து நின்னு முறைக்கணும், ஜனம் மிதிக்கணும். அவ்வளவுதான் வேஷம்."

"இல்ல சார், இப்பப் பாடறேன். ஒரே ஒரு வாட்டி. வண்டிக்கு நேரம் கீது இல்ல?" அவர் பதில் சொல்லுமுன் மஜீது எடுத்துவிட்டான். அவசரத்தில் மனுஷனுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது? எந்தப் பாட்டை வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். நாக்கில் ஊறியது ஒன்றுதானே. "ஆமான் வந்தேனே..."

வெளியே வேர்க்கடலை தின்றுகொண்டு கலைந்துகொண்டிருந்த கூட்டத்தின் காதில் பேர் விழுந்தது. தகரச் சுவரில் தடதடவென்று உதை விழுந்தது. "ஓய்!" என்று கூச்சல் வேறு. வேதாசலம் சந்தோஷம் தாங்காமல் மஜீதின் தோளில் தட்டினார். "பார்த்தியா? இதுக்குத்தான்யா ஜனம் டிக்கெட் வாங்கும். என்ன சொல்றே?"

"மொறைக்கிறதுக்குத்தான் ஆளு வேணும்னா எங்க வாத்தியாரை இட்டுகினு போங்க சார்" என்றான் மஜீது. "அவரு என்னைவிட நல்லா மொறைப்பாரு. நான் பாடறவன்."

வேதாசலம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கோபத்தில் சொன்ன சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் கடையின் கயிற்று நாற்றம் மூக்கில் ஏறியது. மஜீது வேஷப் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான். வெளியே தாமோதரனை யாரோ தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வாத்தியார் அடுத்த ஞாயிறும் இதே நாடகம் என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஏலியா உள்ளே வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. "மஜீது பாய், கேட்டீங்களா? அத்தனை பேரும் பதில் சொன்னாங்க. பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கு, இருந்தாலும்..."

"கேட்டேன் சார்" என்று மஜீது சீறினான். "உங்களுக்குக் கெட்ச்சிடுச்சு. நல்லா இருங்க. என் பொழப்பு பேஜாராப் பூட்ச்சு. இந்தப் பாட்டுக்கு நான் இன்னா பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? பொஞ்சாதிகூட மிதிக்கிறா சார், கட்டின பொஞ்சாதி!"

ஏலியா கர்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் மிதிக்கலை."

மஜீது நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் கொட்டகையில மிதிக்கக் கடமைப்பட்டவன் நான் ஒருத்தன்தான். மிதிக்கலை. காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"கேட்டுச்சா?" மஜீதின் குரல் சின்னப்பிள்ளைக் குரல்போல ஆகிவிட்டது.

"இல்லை. ஒரு எழுத்துகூடக் கேக்கலை."

மஜீதுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, அது தொண்டையிலேயே அழுகையாக மாறி, அவன் வேஷத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஏலியா போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். எஸ்தர் ராணியின் சிம்மாசனமாக இருந்த பழைய நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். "இப்பப் பாடுங்க. மெதுவாகவே பாடுங்க, வெளியில கேக்க வேண்டாம்."

ஆர்மோனியம் இல்லை, மிருதங்கம் இல்லை. மஜீது கண்ணை மூடிச் சுருதியைத் தானே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். ஆமான் என்ற பேர் அந்த அறையில் முழுசாக, சுத்தமாக ஒலித்தது. ஏலியாவின் வலது கால் அவரைக் கேட்காமலே தரையைவிட்டு எழும்பியது. அவர் இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தாதீங்க, பாடுங்க" என்றார்.